பேத்தி ஏறும் வண்டிக்குப் பதினாலு இன்ச்

என்னங்க,

காரை எடுத்துக்கொண்டு டயர் கடைக்கு ஓடுகிறேன். நேற்றுச் சக்கர அளவுக்காகப் போட்ட சண்டையால் சொல்லாமல் போகிறேன் என்று நினைக்காதீர்கள்; நீங்கள் குறட்டையில் இருந்தீர்கள்.

நீங்கள் ஆசைப்பட்ட பதினைந்து இன்ச் சக்கரத்தை விடிந்ததுமே மெக்கானிக் மாட்டிக் காட்டினார். காலி வண்டியில் ஜம்மென்று ஓடியது. எதிர்வீட்டுக் குண்டு அண்ணனையும் அண்ணியையும் ஏற்றிக்கொண்டு ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தேன். டயர் மட்கார்டில் கிறீச்சென்று உரசியது! பள்ளத்தில் இறங்கியதும் அண்ணி கத்தினாள்: "ஏம்மா, பிள்ளை பெத்த உடம்பு இந்தக் குலுக்கல் தாங்குமா?"

நான் பிடிவாதம் பிடித்த பழைய பதிமூன்று இன்ச் எந்தக் கடையிலும் இல்லையாம். பதினாலு இன்ச்சில் கொஞ்சம் தடித்த டயர் போட்டால் உரசாது, குலுக்காது என்கிறார் மெக்கானிக். ஆக, நீங்களும் தோற்றீர்கள், நானும் தோற்றேன். ஆனாலும் பேத்தி வருகிற சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை!

சாம்பார் அடுப்பில் இருக்கிறது, சூடுபண்ணிக்கொள்ளுங்கள். வீட்டு மாற்றுச் சாவி டிவி மேல். மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து மகளையும் பேத்தியையும் அழைத்து வரவேண்டும். சவரம் செய்துகொள்ளுங்கள்.

பி.கு.: மகள் கேட்டால், சக்கரத்தை இரண்டு பேரும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தோம் என்று சொல்லுங்கள்.

இன்னொன்று: திரும்பி வரும்போது நீங்கள்தான் ஓட்ட வேண்டும். பேத்தியை வாங்கிக்கொள்ள எனக்கு இரண்டு கையும் வேண்டும்.