ஐந்து டப்பாவிலும் ஒரே ஆம்லெட்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலமாகத்தான் இருக்கிறேன், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாயா. போன வாரம் போனில் உன் குரல் கம்மியிருந்தது, கேட்டால் ஆபீஸ் ஏசி என்றாய், நானும் நம்பிவிட்டேன் என்று வைத்துக்கொள்.

உன் அம்மா போனபிறகு வீட்டில் சத்தமே இல்லை. கண்டக்டராக இருந்த காலத்தில் தொண்டை வற்றக் கத்தியவன், இப்போது சில நாள் ஒரு வார்த்தை பேசாமலே பொழுது போய்விடுகிறது. அதற்காகத்தான் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன், பேப்பரை முடித்துவிட்டுச் சமையல் புத்தகங்களில் படம் பார்ப்பேன். பார்த்தே வயிற்றை நிரப்பிக்கொள்வீர்கள் போலிருக்கிறதே என்று நூலகர் அம்மா கிண்டல் செய்தார், அதோடு விடாமல் சமையல் புத்தகக் குழு ஒன்றை ஆரம்பிக்கும் வேலையையும் என் தலையில் கட்டிவிட்டார். எல்லோரும் ஒரே புத்தகத்திலிருந்து பிடித்ததை எழுதிக்கொண்டு போய், வீட்டில் சமைத்து, மாதக் கடைசி சனிக்கிழமை மாடி அறைக்குக் கொண்டுவரவேண்டும். ஐந்து பேராவது சேராவிட்டால் அறை சதுரங்கம் ஆடுகிறவர்களுக்குப் போய்விடும். வேண்டாத வேலை என்றுதான் முதலில் நினைத்தேன், பிறகு எனக்குத்தான் அது வேண்டும் என்று புரிந்தது. பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிற மாதிரி நூலக வாசலில் நின்று தையல்காரர், ரிட்டயரான நர்ஸம்மா, வங்கிக் காவலாளி, வாடகை அறையில் இருக்கும் டீச்சர் பெண் என்று நாலு பேரைப் பிடித்தேன், என்னோடு ஐந்து.

போன சனிக்கிழமை கூத்தைக் கேள். மேசையில் பேப்பர் விரித்து டப்பாக்களைத் திறந்தோம். நர்ஸம்மா டப்பாவில் காளான் ஆம்லெட், தையல்காரர் டப்பாவிலும் அதே, ஐந்திலும் அதே, என்னுடையது மட்டும் கொஞ்சம் கருகல். சிரித்த சிரிப்பில் காவலாளிக்குப் புரையேறிவிட்டது. டீச்சர் பெண்தான் புத்தகத்தைப் புரட்டிக் காட்டினாள், எல்லாப் பக்கத்திலும் நாலு பேருக்கு, ஆறு பேருக்கு என்றுதான் அளவு, அந்த ஆம்லெட்டுக்கு மட்டும் ஒருவருக்கு என்று போட்டிருந்தது. அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை. மிச்சத்தை யார் சாப்பிடுவது என்றுதான் மற்றதையெல்லாம் தள்ளிவிட்டேன் என்று நர்ஸம்மா மெதுவாகச் சொன்னார். நூலகர் அம்மா எட்டிப் பார்த்து, ஐந்திலும் ஒரே சமாச்சாரம் என்றால் குழு எதற்கு என்று கேட்டார். நான் என்னுடையதைப் பாதியாக வெட்டி அவர் பக்கம் நகர்த்தினேன், உட்கார்ந்து சாப்பிட்டார். அறை எங்களுக்கே. இனி ஆறு பேருக்குக் குறைந்து யாரும் சமைத்து வரக்கூடாது என்று சட்டமும் போட்டாயிற்று. அம்மாவின் பெரிய பாத்திரமெல்லாம் பரணில் கிடக்கிறது, காவலாளி வந்து இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அது மாதத்தில் ஒரு நாள்தானே, மீதி நாளெல்லாம் அதே அடுப்படி, அதே ஒரு தட்டு. நீயும் லேப்டாப் முன்னால் பிஸ்கட்டோடு ராத்திரிச் சாப்பாட்டை முடிக்காதே. நோய்நொடி அண்டாமல் நீ நூறு வயசு நன்றாக இருக்கவேண்டும், தொண்டைக்கு வெந்நீர் குடி. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். போனில் சாப்பிட்டீங்களாப்பா என்று கேட்கிறாய், ஆச்சும்மா என்கிறேன், இரண்டு பேருக்கும் வேலை முடிந்துவிடுகிறது. இனிமேல் யாரோடு சாப்பிட்டீங்க என்று கேள். பல நாள் என்னிடம் பதில் இருக்காது, பரவாயில்லை, கேள். நானும் உன்னிடம் அதையேதான் கேட்கப்போகிறேன்.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அப்பா