வியாழக்கிழமைகளில் எரியும் விளக்கு

மார்ச் 4, வியாழன்

இன்று அக்கா வீட்டுக்குப் போக முடியவில்லை.

காலைப் பிரார்த்தனை முடிந்தது, சமையல் முடிந்தது, குஷன் உறைக்கான துணிகளை மடித்துப் பையில் வைத்தாயிற்று. காரில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால், ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கும் அத்தனை விளக்கும் ஒரே நேரத்தில் எரிகிறது. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. கல்யாண வீட்டு சீரியல் பல்பு தோற்றது. வண்டி தயார் என்று காட்டும் பச்சை மட்டும் வரவில்லை.

இந்தத் தெருவின் மெக்கானிக் வந்தார். வண்டிக்குள் தலையை விட்டதும் தும்முவார். அவருக்குத் தூசி ஆகாது, ஆனால் தொழில் இது. தெருவில் எல்லோருக்கும் அவர் தும்மல் மெக்கானிக்தான். பின்பக்க டிக்கியின் ஓரத்தில் ஒரு மூடியைத் திறந்து, இரண்டு தும்மல் போட்டுவிட்டுச் சொன்னார்: "ஹைபிரிட் வண்டிக்கு ரெண்டு பேட்டரிம்மா. பெரிசு பின் சீட்டுக்குக் கீழ இருக்கு, அது வண்டியை ஓட்டும். இந்தச் சின்னது பெரிசை எழுப்பிவிடும். சின்னது போயிருச்சு. அதான் இவ்வளவு கூத்து."

சின்னதை மாற்றினார். எல்லா விளக்கும் அணைந்து பச்சை வந்தது.

எனக்கு நன்றாகப் புரிந்தது. பெரிய பேட்டரி என் வீட்டுக்காரர், இவர். சின்ன பேட்டரி நான். நான் எழுப்பாவிட்டால் இவர் கிளினிக்கைத் திறப்பதில்லை. இதை இவரிடம் சொன்னேன். ஏதோ நோயாளியின் பல் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "சின்னதுதான் அதிகம் சத்தம் போடும்" என்றார்.

மார்ச் 5, வெள்ளி

காரின் கைப்புத்தகத்தை அகராதியுடன் உட்கார்ந்து படித்தேன். பள்ளியில் விட்ட ஆங்கிலத்தை இந்த வீட்டு மிஷின்களின் புத்தகங்களில்தான் பிடித்தேன். மிக்ஸி, வாஷிங் மிஷின், இப்போது கார். மஞ்சள் என்றால் கவனி. சிவப்பு என்றால் நில். சிவப்பு முக்கோணத்துக்குள் ஆச்சரியக்குறி வந்தால் ஓரமாக நிறுத்தி உதவி கேள்.

ஒரு படம் புதிதாக இருந்தது. பெல்ட் போட்டு உட்கார்ந்த சின்னச் சிவப்புப் பொம்மை. பக்கத்து சீட்டில் ஆள் இருந்து, பெல்ட் போடாவிட்டால் எரியுமாம். நான் ஓட்டும்போது அது எரிந்ததே இல்லை. பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள், எரிவதற்கு?

மார்ச் 11, வியாழன்

ஆண்டவன் காப்பாற்றினான்.

போகும்போது ஒரு குறையும் இல்லை. அக்கா தையல் மிஷினில் உறை தைத்துக் கொடுக்க, நான் பஞ்சு அடைத்தேன். எங்கள் பிரார்த்தனைக் கூடத்தில் தரையில் உட்கார முடியாதவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், அவர்களுக்குத்தான் இந்தக் குஷன்கள். பின் சீட் நிறைய குஷன்களை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். ஆற்றுப்பாலம் ஏறும்போது பின்னாலிருந்து ஊதல் மாதிரி ஒரு சத்தம். சிவப்பு முக்கோணம். வண்டி மூச்சு வாங்குகிற மாதிரி மெதுவானது. பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பாலத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தி, அணைத்து, இருக்கிற ஸ்தோத்திரங்களை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்துப் பொத்தானை அழுத்தினால் பச்சை. ஒன்றுமே நடக்காத மாதிரி.

இவரிடம் சொல்லலாமா? சொல்லாவிட்டால் மறைத்த மாதிரி ஆகும். சொன்னேன்.

"பழைய வண்டி. வித்துடலாம்" என்றார். இட்லியா தோசையா என்று கேட்டால் பதில் சொல்வாரே, அந்தக் குரலில்.

மார்ச் 13, சனி

மெக்கானிக் பார்ப்பதாகச் சொன்னார். பிறர் கையில் கொடுக்கும் வண்டியை அழுக்காகக் கொடுப்பதாவது? குஷன்களை எல்லாம் உள்ளறைக்கு மாற்றி, சீட்டைத் துடைத்து, தரைவிரிப்பை உதறிக் காயவைத்து, கண்ணாடியைப் பளபளவென்று ஆக்கிக் கொடுத்தேன்.

ஊரைச் சுற்றிவிட்டு வந்தார். தும்மக்கூட இல்லை. "உங்க வண்டி மாதிரி சுத்தமா ஒரு வண்டி என்கிட்ட வந்ததில்லம்மா. விளக்கும் வரல, ஒண்ணும் வரல. நல்ல பிள்ளையாட்டம் ஓடுது."

"எங்கிட்ட மட்டும் ஏன் அப்படிப் பண்ணுது?"

"வீட்ல பிள்ளைங்க அம்மாகிட்டதான படுத்தும்."

மார்ச் 14, ஞாயிறு

பிரார்த்தனைக் கூடத்தில் குஷன்களை இறக்கினேன். தலைவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு, இனி பிரசங்கத்தில் தூங்குகிறவர்கள் அதிகமாவார்கள் என்றார்.

மார்ச் 18, வியாழன்

மதிய வெயில்தான் காரணமோ என்று, இன்று வெயில் தாழ்ந்த பிறகு திரும்பினேன். அதே பாலம், அதே ஊதல், அதே முக்கோணம்.

போகும்போது சமர்த்து. திரும்பும்போது மக்கர். அக்காவிடம் போனில் சொன்னேன். "உன் காருக்கு என் வீட்டை விட்டுப் போக மனசில்லடி. இங்கயே கட்டிப்போட்டுட்டுப் போ, நான் தவிடு வைக்கிறேன்" என்கிறாள்.

மார்ச் 20, சனி

இவர் கம்பெனி ஒர்க்ஷாப்புக்கே கொண்டுபோகச் சொல்லிவிட்டார். போவதற்கு முன் வழக்கம்போல எல்லாவற்றையும் இறக்கிக் கழுவித் துடைத்தேன். அங்கே ஒரு பெண் கம்ப்யூட்டரைக் காரோடு கோத்தாள். காகிதம் வந்தது. பெரிய பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது, இத்தனை வருட வண்டிக்கு இனி அதை மாற்றத்தான் வேண்டும்.

"ஏம்மா சூடாகுது?"

"வயசாயிருச்சு மேடம்."

எனக்கும்தான் அவ்வப்போது சூடாகிறது. யாரும் மாற்றச் சொல்லவில்லை.

பேட்டரிக்குச் சொன்ன விலையை இங்கே எழுதவில்லை. கணக்குப் புத்தகத்திலும் எழுதவில்லை. செலவு செய்தால் எழுதுவேன்.

மார்ச் 21, ஞாயிறு

"ஆடுற பல்லை வச்சுக்கிட்டு இருக்கக் கூடாது. எடுத்துப் போட்டுட்டா நிம்மதி" என்றார் இவர். பல் டாக்டரைக் கட்டிக்கொண்டால் வீட்டில் எந்தப் பொருளும் ஆடக் கூடாது. போன வருடம் ஊஞ்சல் நாற்காலி போனது.

"அப்புறம் நான் அக்கா வீட்டுக்கு எப்படிப் போறது?"

"வாடகைக் கார் இருக்கே."

இருக்கிறது. முன்பே ஒருமுறை போயிருக்கிறேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டே போய், காத்திருக்கிற டிரைவரை நினைத்துக்கொண்டே பேசி, பாதிப் பேச்சில் எழுந்து வந்தேன். அது போய்வந்ததில் சேர்த்தியா? அக்கரைக்கு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அக்கா முழங்கால் வலியோடு படி இறங்க மாட்டாள். அதற்காகத்தானே ஐம்பத்திரண்டு வயதில், பயிற்சி வண்டியில் 'எல்' பலகையோடு, காலேஜ் பெண்கள் சிரிக்கச் சிரிக்க ஓட்டக் கற்றேன்? கார் போனால் இன்னொரு கார் வாங்கப் போவதில்லை. இவருக்குக் கார் தேவையே இல்லை. கிளினிக் முன்னறையில் இருக்கிறது. நான் ஓட்டி இவர் ஒருநாளும் உட்கார்ந்ததும் இல்லை. "நான் பக்கத்துல உட்கார்ந்தா உனக்குக் கை நடுங்கும்" என்பார். யாருக்கு நடுங்கும் என்று எனக்குத் தெரியாதா?

வியாழக்கிழமை போய்விடும். அவ்வளவுதான் விஷயம்.

மார்ச் 23, செவ்வாய்

கார் போகப்போகிறது என்று அக்காவிடம் போனில் சொன்னேன். தையல் மிஷினை நிறுத்தினாள். பிறகு, "போன்லயே பேசிக்கலாம். பஞ்சை போன்ல அடைச்சிரு" என்றாள். இருவரும் சிரித்தோம். வைத்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 25, வியாழன்

ஏ.சி. போடாமல், ரேடியோ போடாமல், கண்ணாடியை இறக்கிவிட்டு, ஆமை வேகத்தில் வந்தேன். முக்கோணம் எரிந்தது. பாலத்துக்குக் கூடக் காத்திருக்கவில்லை, அக்கா தெருமுனையிலேயே. கடைசி வியாழன் என்று அக்கா இருந்த பஞ்சை எல்லாம் அடைக்கவைத்துவிட்டாள். பின் சீட்டில் கூரை முட்டக் குஷன்.

சனிக்கிழமை தரகர் காரைப் பார்க்க வருகிறாராம். நாளை எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து வைக்க வேண்டும்.

மார்ச் 26, வெள்ளி

வரிசையாக எழுதுகிறேன்.

தரகர் ஒருநாள் முன்னதாகவே, காலையிலேயே வந்து நின்றார். நான் குஷன்களை இறக்கவில்லை, காரைத் துடைக்கவில்லை. எனக்கு மானம் போகிறது. அவரோ பின் கதவைத் திறந்து பார்த்து, "குஷனோட சேத்துத் தர்றீங்களா டாக்டர் சார்?" என்று சிரிக்கிறார்.

தரகர் ஓட்டினார். பக்கத்தில் இவர், மேலே இருக்கிற கைப்பிடியைத் தொங்கிப் பிடித்துக்கொண்டு. நானும் வருகிறேன் என்று பின்னால் குஷன்களுக்கு நடுவே இடித்துப் பிடித்து உட்கார்ந்தேன். எதற்குப் போனேன்? உண்மையை எழுதுவோம். விளக்கு எரிந்தால் தரகர் வேண்டாம் என்று போய்விடுவார் என்று ஒரு நப்பாசை. ஆண்டவா, அந்தச் சிவப்பு விளக்கை ஒரே ஒரு தடவை எரியவிடு என்று வேண்டினேன். இப்படியும் ஒரு பிரார்த்தனை உண்டா?

ஆற்றோரச் சாலையில் எரிந்தது. வாய்க்குள் நன்றி சொன்னேன். சொன்ன கையோடு வெட்கமாகிவிட்டது.

ஆனால் தரகர் போகவில்லை. ஓரமாக நிறுத்தி, "செத்த வண்டி சார் இது. இரும்பு விலைக்குத்தான் எடுக்க முடியும்" என்று ஒரு தொகை சொன்னார். இவர் யோசிக்கவே இல்லை. "சரி, முடிச்சுடலாம். தொல்லை விட்டுது" என்று கை நீட்டப் போகிறார். நான் கேட்டதும் கிடைத்தது, கேட்டதாலேயே காரியமும் கெட்டது.

வண்டி நின்றதால் அந்த ஊதல் சத்தம் தெளிவாகக் கேட்டது. என் காதுக்குப் பக்கத்தில். வலது கதவோரம் இருந்த குஷனைத் தள்ளிக் காது கொடுக்கலாம் என்று இழுத்தால், வரவில்லை. உள்ளிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. பலமாக இழுத்தேன். வந்தது. பின்னால் சீட்டின் பக்கவாட்டில் சல்லடை மாதிரி ஒரு துவாரம். என் புடவைத் தலைப்பு பறந்துபோய் அதில் ஒட்டிக்கொண்டது. கையை வைத்தால் உள்ளங்கையை உறிஞ்சுகிறது.

சீட்டுக்குக் கீழே இருக்கும் பெரிய பேட்டரி அந்த வழியாகத்தான் மூச்சு விடுகிறது. நான் வாரம்தோறும் அதன் மூக்கில் குஷனை வைத்து அமுக்கியிருக்கிறேன். யாரிடம் காட்டினாலும், முதலில் குஷனை இறக்கித் துடைத்துவிட்டுக் காட்டியிருக்கிறேன்.

"ஏங்க, கை குடுக்காதீங்க" என்றேன். "தலையணையை எடுத்துட்டேன். அணைச்சுட்டுக் கொஞ்ச நேரம் கழிச்சுப் போட்டுப் பாருங்க."

தரகர் திரும்பிப் பார்த்தார். "அம்மா, விளக்கு வண்டியில எரியுது. தலையணையில இல்ல."

இவர் என்னைப் பார்த்தார். புடவைத் தலைப்பு சல்லடையில் ஒட்டி நிற்பதைப் பார்த்தார். கையை நீட்டி, தானே பொத்தானை அமுக்கி அணைத்தார்.

காத்திருந்தோம். தரகர் தன் கடைவாய்ப் பல் ஒன்று ஆடுவதாகச் சொல்லி, வாயைத் திறந்து காட்டி, இலவசமாக ஆலோசனை வாங்கிக்கொண்டார். பிறகு வண்டியை எடுத்தார். குஷன்களை மடியில் அடுக்கி, மோவாய் வரை கட்டிப்பிடித்துக்கொண்டு நான். பாலம் ஏறினோம், இறங்கினோம். விளக்கு வரவில்லை. அக்கா தெரு வரை போய்த் திரும்பினோம். வரவில்லை.

வீட்டு வாசலில் தரகர் விலையை ஏற்றினார். கொஞ்சமாக இல்லை. நல்ல விலைக்குப் போகிற வண்டியாக நானே ஆக்கிவிட்டேனே.

இவர் கேட்டார்: "செத்த வண்டின்னீங்களே?"

"டாக்டர் சார், அது அப்ப—"

"உங்க பல்லு ஆடுது, வாங்க, எடுத்துடலாம். இது ஆடல. ஆடாத பல்லை நான் பிடுங்குறது இல்ல."

நான் குஷனில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மார்ச் 27, சனி

மெக்கானிக்கிடம் இன்று துடைக்காமல் கொடுத்தேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் கொடுத்தேன். சல்லடையைக் கழற்றி உள்ளே இருக்கும் விசிறியை எடுத்தார். விசிறி தெரியவில்லை, பஞ்சுதான் தெரிந்தது. தும்ம ஆரம்பித்தவர் தெருமுனை வரை போய்த் தும்மிவிட்டு வந்தார்.

"நான் அன்னிக்கே இதைத் திறந்திருக்கணும்மா. வண்டி அவ்வளவு சுத்தமா இருந்துச்சு, உள்ள அழுக்கு இருக்கும்னு தோணல."

"நான் துடைச்சது தப்பு."

"நான் நம்பினது தப்பு."

இவர் நோயாளியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "ரூட் கனால்கூட இல்ல. வெறும் க்ளீனிங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கூடத்தின் பஞ்சுக் கணக்கில் வரவு எழுதினேன்: இரண்டு கைப்பிடி, காரிலிருந்து. கூடத்துப் பஞ்சு கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

மார்ச் 28, ஞாயிறு

இனி குஷனுக்காக வேண்டுகிறேன், விளக்குக்காக வேண்டமாட்டேன் என்று கூடத்தில் ஆண்டவனிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவனுக்குப் புரிந்திருக்கும்.

ஏப்ரல் 8, வியாழன்

போன வியாழன் தனியாகப் போய்வந்தேன். குஷன்களை டிக்கியில் போட்டேன், மீதியை அடுத்த நடைக்கு அக்கா வீட்டிலேயே வைத்துவிட்டேன். விளக்கு எதுவும் வரவில்லை. அதை எழுதக்கூட மறந்துவிட்டேன்.

இன்று கிளம்பும்போது இவர் செருப்புப் போட்டுக்கொண்டு நிற்கிறார். கிளினிக்கைப் பூட்டியாயிற்று. "மிச்ச குஷனையும் ஒரே நடையில கொண்டுவந்துடலாம். பின் சீட்டுல வைக்கக் கூடாதுல்ல. யாராவது மடியில வச்சுப் பிடிச்சுக்கணும்" என்றார்.

"வாடகைக்கு ஆள் கிடைக்குமே" என்றேன்.

"நம்பிக்கையான ஆள் கிடைக்காது."

போகும்போது கைப்பிடியில் தொங்கினார். பாலத்தில் கண்ணை மூடினார். அக்கா வீட்டில் பஞ்சு அடைக்கிறேன் என்று உட்கார்ந்து, ஒரு குஷனை மூட்டை மாதிரி ஆக்கினார். அக்கா அதைத் தூக்கிப் பார்த்து, "மாப்பிள்ளை அடைச்சது பல்லு மாதிரி கெட்டியா இருக்கு" என்றாள்.

திரும்பும்போது டிக்கி நிறைந்துவிட்டது. மிச்சத்தை இவர் மடியில் ஏற்றினேன். குஷன்களுக்கு மேலே மூக்குக்கண்ணாடி மட்டும் தெரிந்தது. கைப்பிடியைப் பிடிக்கக் கை இல்லை.

வண்டியை எடுத்தேன். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்ன விளக்கு? மறுபடியுமா?" குஷனுக்குப் பின்னாலிருந்து குரல்.

புத்தகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பெல்ட் போட்டு உட்கார்ந்த சின்னப் பொம்மை.

"ஒண்ணுமில்ல" என்றேன். "பக்கத்துல ஆள் இருக்குன்னு சொல்லுது."

வண்டியை நிறுத்தி, குஷன்களுக்கு நடுவே கையை விட்டுத் துழாவி, இவருக்குப் பெல்ட்டை மாட்டிவிட்டேன்.