வட்டம் போடாத வீடு

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நலம். உன் தங்கச்சிக்கு ஹாஸ்டலில் பரீட்சை நடக்கிறது. போன் செய்தால் "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் முடிகிறவரை நான் பேசலாம்.

உன் மண்சரிவுத் தடுப்பு ஆபீஸ் ஆட்கள் மேட்டுத் தெருவுக்கு வந்து, ஆபத்தான வீடுகளில் சிவப்பு வட்டம் போட்டார்கள். வட்டம் உள்ளவர்களுக்குக் கீழே சமதரையில் வேறு வீடு கொடுப்பார்களாம். தெரு முழுக்கப் போட்டார்கள், நம் வீட்டை மட்டும் விட்டுவிட்டார்கள். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். கையெழுத்து உன்னுடையதாம்.

நமக்கும் தையல்காரருக்கும் நடுவில் ஒரே சுவர்தானே. அவர் பக்கம் வட்டம், நம் பக்கம் வெறும் சுண்ணாம்பு. "மலை சரிஞ்சா, உங்க வாசல்ல மட்டும் செருப்பைக் கழட்டிட்டு ஒதுங்கிப் போகும்போலருக்கு அக்கா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், அவர் மனைவி சிரிக்கவில்லை. எனக்கு யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை.

போன வாரம் விடாத மழை. வட்டம் போட்ட வீட்டுக்காரர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைக்க வேன் வந்தது. நானும் பையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். "உங்க வீடு பத்திரமானதும்மா, உள்ளே போங்க" என்று டிரைவர் கதவைச் சாத்தப் போனார். தையல்காரர் மனைவிதான் இறங்கி வந்து, "இவங்க எங்க வீட்டு ஆளு" என்று கூசாமல் பொய் சொல்லி என்னை ஏற்றிக்கொண்டாள்.

திரும்பி வந்தால் பின்னறைச் சுவரில் விரிசல். என் விரல் உள்ளே போகிறது. தையல்காரர் பக்கத்திலும் அதே விரிசல்தான்.

அப்பா கட்டிய வீட்டை விட்டு வரமாட்டேன் என்று உன்னிடம் அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. அழுகிறவள் பேச்சை ஆபீசுக்கா எடுத்துக்கொண்டு போவாய்? எனக்காகச் செய்திருந்தால் உன்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. செய்யவில்லை என்றால் அதையாவது வாயைத் திறந்து சொல்.

பரீட்சை முடிந்ததும் தங்கச்சி லீவுக்கு வருகிறாள். பின்னறைதான் அவள் அறை, உனக்குத் தெரியும். மழையும் நின்றபாடில்லை. அவளை அங்கே படுக்கச் சொல்ல உனக்கு மனம் வந்தால், இந்த வீடு இப்படியே இருக்கட்டும். மனம் வராவிட்டால், அவள் வருவதற்குள் நீயே வந்து உன் கையால் வட்டத்தைப் போட்டுவிட்டுப் போ.

வேளைக்குச் சாப்பிடு. நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், அவளும்தான்.

உன் அம்மா