வீடு வீடாகக் கேட்டார்கள்

1986 பிப்ரவரி 9, ஞாயிறு

காலையிலிருந்து பனி. துவைத்துப் போட்டது எதுவும் காயவில்லை. திருப்பத்தூர் பஸ்ஸில் பத்திரிகை வந்தது. நான் முதலில் பிரிப்பது எப்போதும் ஏழாம் பக்கம், மார்க்கண்டன் (இனி மா.) எழுதுவது.

ஆறு வருடம் படித்ததில் மனப்பாடமான மா.வின் அரசியல்: எல்லோரும் கைதட்டும்போது கையைக் கட்டிக்கொள். எந்தத் தலைவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடு. இலவசமாகத் தருகிறவனிடம் விலை கேள். ஆளும் கட்சியைத் திட்டுவது பாதி வேலை, எதிர்க்கட்சியையும் திட்டினால்தான் முழு வேலை. அதனால் இரண்டு பக்கமும் அவருக்கு ஆள் இல்லை. எனக்கு அது பிடிக்கும்.

இந்த மாதக் கட்டுரை ஓட்டுப் பெட்டி பற்றி. தேர்தல் ஊரை இரண்டாகப் பிளக்கிறது, பாதிக்கு மேல் ஒரு தலை அதிகம் என்பதற்காக மற்ற பாதியை வாய்மூட வைப்பதா என்கிறார். அப்புறம்: ஜவ்வாது மலையில் ஓர் ஊரில் வீடு வீடாகக் கேட்கிறார்கள், ஒரு வீடு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மறுபடி உட்கார்ந்து பேசுகிறார்கள், தோற்றவர் என்று யாரும் இல்லை, பெட்டியைக் கீழே திருப்பி அனுப்பலாம். தகவல்: 'மலையிலிருந்து ஒரு நண்பர்'.

நண்பர் நான்தான். கார்த்திகையில் எழுதிய கடிதம். 'வீடு வீடாகக் கேட்கிறார்கள்' என் வாக்கியம், எழுத்து மாறாமல். மூன்று முறை படித்தேன். யாரும் பார்க்கவில்லை, ஆனாலும் வெட்கம்.

பிப். 10, திங்கள்

ஐந்தாம் வகுப்பில் பாதிப் பேர் இல்லை, புளி உலுக்கப் போய்விட்டார்கள். சத்துணவு சமைக்கும் காசியம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கட்டுரையை வாசித்துக் காட்டினேன்.

"வூட்டுக்கு ஒரு ஆம்பளையத்தான கேப்பாங்க," என்றாள். "எங்க வூட்டுக்காரரு செத்து நாலு வருசம். என் வூட்டுக்கும் கொழுந்தனாருதான் சரின்றாரு."

"உன்னைக் கேட்டுட்டுத்தானே சொல்வாரு?"

"இன்னாத்துக்கு? டீச்சரு, நீங்களே மூணு வருசமா இங்க கீறீங்க. நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

பஞ்சாயத்துத் தேர்தலில் ஊர் இந்தமுறை ஏணிச் சின்னத்துக்கு என்று பேச்சு. ஏணிக்காரர் ரோடு போடுகிறாராம். பூட்டுச் சின்னக்காரர் கிணறு வெட்டுகிறாராம். காசியம்மாவுக்குப் பூட்டு. "ரோட்டுல இன்னா, கொடத்தத் தலைல வெச்சினு ஓடவா?"

பெட்டிக்குள் போடுவது யாருக்குத் தெரியும், பூட்டுக்கே குத்தலாமே என்றேன். சாமி முன்னால் வீடு சொல்லிவிட்டால் மீறக் கூடாதாம். அவளுடைய ஓட்டு அந்த "சரி"யோடு முடிந்துவிடுகிறது. நான் எழுதியது பொய் இல்லை. பாதி.

பிப். 11, செவ்வாய்

மா.விடமிருந்து கார்டு. வியாழன் வருகிறாராம், ஊர்க்கூட்டத்தைக் கண்ணால் பார்க்க. தலைமையாசிரியர் வீட்டில் தங்க ஏற்பாடு. ஒரு போர்வை கேட்டு வாங்க வேண்டும். மண்ணெண்ணெய். வெல்லம்.

பிப். 13, வியாழன்

வந்துவிட்டார். வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி. எழுத்தில் இருக்கும் உயரம் நேரில் இல்லை. மஃப்ளர். "நண்பர்னு போட்டதுக்குக் கோவமா? கவர்ன்மென்ட் வேலைல இருக்கீங்களேன்னுதான்." நல்ல மனசு.

மாலையில் காளியம்மன் கோயில் முன் கூட்டம். ஏணிக்குச் சரியா என்று ஊர்க்கவுண்டர் ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக் கேட்க, சரி, சரி. பெண்கள் தள்ளிப் புளியமரத்தடியில், குடங்களோடு. காசியம்மாவின் வீட்டை இன்னும் செத்துப்போன புருஷன் பெயரில்தான் கூப்பிடுகிறார்கள். "சடையன் வூடு?" கொழுந்தனார்: "சரி."

மா. கேட்டார், "ஒரு வீடு ஒத்துக்கலைன்னா?"

கவுண்டர்: "ஒத்துக்கிற வரைக்கும் குந்தினு இருப்போம் சாமி. எங்கப்பா காலத்துல மூணு நாளு குந்தினாங்களாம்."

"சோறு?"

"அதுக்குத்தான ஒத்துக்கிறது!"

ஒரே சிரிப்பு. மா. எழுதி எழுதிப் பக்கம் தீர்ந்துபோய் அட்டையிலும் எழுதினார். மரத்தடியைத் திரும்பிப் பார்க்கவில்லை. முன்பு நானும்தான்.

பிப். 14, வெள்ளி

பஸ்ஸுக்கு நடக்கும்போது சொல்லிவிட்டேன். சடையன் இல்லை, அது காசியம்மா வீடு, அவளை யாரும் கேட்கவில்லை என்று.

"ஆம்பளைங்களை மட்டும் கேப்பாங்கன்னு உங்க கடிதத்துல இல்லையே."

இல்லைதான். மஃப்ளரை இழுத்துக் கட்டினார். "மறுத்து எழுதுங்க, போடறேன். ஆனா ஊர் பேரு, அந்தம்மா பேரு, உங்க பேரு மூணும் வேணும். பேரில்லாத மறுப்பை நான் போடறதில்ல."

"பேரில்லாத தகவலைப் போட்டீங்களே சார்."

சிரித்தார். காது மட்டும் சிவந்துவிட்டது. ஊரையே எதிர்க்கிறவருக்கு எதிரில் ஒரு ஆள் நிற்பது புதிதோ என்னவோ. பஸ் வந்தது. எனக்கு நெஞ்சு கனக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. வழியில் முள்ளங்கி வாங்கினேன்.

பிப். 15, சனி

பத்திரிகையில் பெயர் போடலாமா என்று காசியம்மாவைக் கேட்டேன்.

"அத்த இங்க எவன் படிக்கப் போறான்? பேர இங்கதான சொல்லணும்." அடுப்பை ஊதிவிட்டு, "கவுண்டரு சொன்னது கேட்டீங்கல்ல? ஒரு வூடு ஒத்துக்கலன்னா குந்தணும்."

மதியம் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு நேராகக் கவுண்டர் வீட்டுக்குப் போனாளாம். "என் வூடு இன்னும் ஒத்துக்கல", அவ்வளவுதான் சொன்னாளாம். சின்னப் பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள்.

பிப். 16, ஞாயிறு

பனி விலகவே பத்து மணி. மறுபடி கூட்டம். கொழுந்தனார் கத்தல்: "பொம்பள பேச்சக் கேட்டு ஊரு குந்தறதா?" கவுண்டருக்கும் பிடிக்கவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனால் சொன்னார்: "ஒரு வூடு ஒத்துக்கலன்னா குந்தித்தான் ஆவணும். நேத்து வந்த வழக்கமா இது?"

"சடையன் வூடு?"

காசியம்மா முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். பதில் இல்லை.

"சடையன் வூடு?"

இல்லை.

கவுண்டர் எச்சில் துப்பிவிட்டு வந்தார். "காசியம்மா வூடு?"

"ஒத்துக்கல."

மா. இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கலாம். அவர் எழுதியது இப்போதுதான் நடக்கிறது.

கடிதத்தின் முதல் வரி எழுதியாயிற்று: மலையிலிருந்து எழுதிய நண்பர் நான், ச. மல்லிகா, ஆசிரியை, எழுதியது பாதி. மீதி இன்னும் முடியவில்லை, அங்கே.

மணி நாலு. எழுந்திருக்கவில்லை யாரும். மரத்தடியிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் வந்து அவள் பக்கத்தில். காசியம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கவுண்டரும்தான். கூழ் கரைத்துவிட்டேன். இரண்டு சொம்பு.