கணவர் கையெழுத்து

சனிக்கிழமை, மதியம்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். கடிதத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன். துருவிக் கேட்டால் அவ்வளவு நலமில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் அளவுக்கும் ஒன்றுமில்லை. நீயும் நம் வாலுவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் அக்காவுக்கும் சகலைக்கும் என் வணக்கத்தைச் சொல். சகலை முகத்தைத் திருப்பிக்கொண்டால் வணக்கத்தை நீயே வைத்துக்கொள்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் பத்து வார்த்தை பேசினால் நீ ஒரு 'ம்' சொல்கிறாய். பிறகு வாலு பிடுங்கிக்கொண்டு, பல் விழுந்த கதையைச் சொல்கிறாள். அதோடு சரி. தவிர, இதில் ஒரு தாளும் வைத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதுவரை பிரித்துப் பார்க்காதே. இந்நேரம் பார்த்திருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா.

வீட்டுச் செய்தி முதலில். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர் வாங்கி வந்து நானே மாட்டினேன். இப்போது இரண்டு இடத்தில் சொட்டுகிறது. மாடிவீட்டு அம்மா ஆரம்பத்தில் படியில் பார்க்கும்போதெல்லாம், "எப்ப வர்றாங்க?" என்று கேட்பார். அடுத்த வாரம் என்பேன். எட்டு மாதமாக அடுத்த வாரம் என்று சொன்னதில் அவருக்கே சங்கடமாகிவிட்டது போல, இப்போது கேட்பதில்லை. கேட்டுத் தொலைத்தாலாவது ஒரு பேச்சுத் துணையாக இருக்கும்.

ஸ்கூல் வேன் விஷயம் உன்னிடம் சொல்லவில்லை. லீவு முடிந்து பள்ளி திறந்ததும் வேன் வழக்கம்போல வாசலில் வந்து ஹாரன் அடித்தது. நான் வெளியே போய், "இன்னிக்கு வரமாட்டா" என்று சொல்லி அனுப்பினேன். மறுநாளும் அதையே சொன்னேன். இப்படி இரண்டு வாரம். இனிமேல் வரமாட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூன்றாவது வாரம் டிரைவர் தானாகவே புரிந்துகொண்டு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டார். அந்த மனுஷன் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி நிறுத்தலாம்? நியாயமில்லாத கோபம் என்று தெரிகிறது. ஆனாலும் காலை எட்டேகால் மணிக்கு இன்னும் வாசலைப் பார்க்கிறேன்.

இனி ஆபீஸ் விஷயம். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உன் அக்கா கேட்டபோது, "என்னமோ எழுதறார்" என்று நீ சொன்னாய். உன்மேல் தப்பில்லை, நான் ஒழுங்காகச் சொன்னதே இல்லை. எங்கள் நிறுவனம் சின்னத் தொழில் செய்கிறவர்களுக்குக் கடன் கொடுக்கிறது. தள்ளுவண்டிக்காரி, கோழி வளர்க்கிறவள், டீக்கடை போடுகிறவள் என்று, வங்கிக்காரர்கள் நாற்காலி காட்டாத ஆட்கள். ஒரு நாட்டில் மட்டுமில்லை, ஏழெட்டு நாட்டில். அந்தப் பணம் நிறுவனத்தின் பணம் இல்லை. எங்கோ வசதியான ஊரில் இருக்கிறவர்கள் எங்கள் இணையதளத்தில் ஒருத்தியின் படத்தையும் கதையையும் பார்த்துவிட்டு ஆளுக்குக் கொஞ்சமாகப் போடுவார்கள். தொகை நிரம்பியதும் அவளுக்குக் கடன் போகும். அந்தக் கதையை எழுதுகிறவன்தான் நான். குடும்பம் இரண்டு வரி, தொழில் இரண்டு வரி, கனவு ஒரு வரி. ஒரே மாதத்தில் முப்பத்தேழு பேரைத் 'தளராத உழைப்பாளி' என்று எழுதிவிட்டேன் என்று மேனேஜர் மேடம் எண்ணிக் காட்டினார். அன்றிலிருந்து அந்த வார்த்தைக்கு ஆபீஸில் தடை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கணவர் உடன் இருக்கிறார் என்று எழுதினால் தொகை நிரம்ப மூன்று வாரம் ஆகும். தனித்து வாழும் தாய் என்று எழுதினால் மூன்றே நாள். அதனால் அந்தச் சொல்லுக்கு இடம் கிடைத்தால் முதல் வரியிலேயே தூக்கிப் போட்டுவிடுவேன். அவளுடைய புருஷன் எங்கே போனான், ஏன் தனியாக விட்டான் என்று ஆறு வருஷத்தில் ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

திங்கட்கிழமை காலையில் வந்த விண்ணப்பக் கட்டைப் பிரித்தேன், நாலாவது உன்னுடையது.

படத்தில் நீ ஒரு தையல் மிஷினைக் கவிழ்த்துப் போட்டு, கையில் ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறாய். மணிக்கட்டில் கிரீஸ். சிரிக்கச் சொல்லியிருப்பார்கள், நீ சிரிக்கவில்லை. உன் பின்னால் கொடியில் வாலுவின் நீல கவுன் காய்கிறது. அடி மடிப்பைப் பிரித்து நீளமாக்கியிருக்கிறாய், பழைய மடிப்பின் கோடு தெரிகிறது. கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம் வளர்ந்திருக்கிறாள். எதிர் மேஜைக்காரன், என்ன சார் இவ்வளவு நேரமாகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டான். படம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்றேன்.

தொழில்: தையல் மிஷின் ரிப்பேர். வாடிக்கை: இரண்டு தையல் கம்பெனி, பதினாறு வீடு. கடன் எதற்கு: மோட்டார், பெல்ட், ஷட்டில், பழைய மிஷின் வாங்கிச் சரிசெய்து விற்க. உங்கள் கனவு என்ன என்ற கேள்விக்கு, "கனவெல்லாம் ஒண்ணும் இல்ல, எட்டு மிஷின் பிரிச்சுப் போட்டபடியே கிடக்கு, உதிரி பாகம் வேணும்" என்று நீ சொன்னதை உங்கள் பகுதி ஆபீசர் அப்படியே எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கடைசியாக எப்போது சிரித்தேன் என்று நினைவில்லை.

கணவர் தொழில் என்ற இடத்தில் 'எழுத்து வேலை' என்றிருக்கிறது. எங்கே என்று இல்லை. கணவர் கையெழுத்து என்ற ஜாமீன் கட்டம் காலி. பக்கத்தில் ஆபீசர் பென்சிலால், "கையெழுத்து வாங்கவும், அல்லது பிரிந்து வாழ்வதாக உறுதிமொழி வைக்கவும்" என்று குறித்திருக்கிறார். நீ இரண்டையும் செய்யாமல் அனுப்பியிருக்கிறாய். அது என் ஆபீசுக்குத்தான் வரும் என்று மட்டுமாவது உனக்குத் தெரியும். தெரிந்தேதான் அனுப்பினாய் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படியில்லை என்றால் என்னிடம் சொல்லாதே, நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

அன்று நான் பேசியதை நீ மறந்திருக்க மாட்டாய். தையல் கம்பெனிக்காரர் வாரம் ஒருமுறை வந்து பன்னிரண்டு மிஷினையும் பார்த்துத் தரச் சொன்னார் என்று எவ்வளவு சந்தோஷமாக வந்து சொன்னாய். "ஸ்பானர் பையைத் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா போறதுக்கா உன்னைக் கல்யாணம் பண்ணினேன்" என்று கேட்டேன். அன்று காலையில்தான், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டும் ஒரு பெண்ணை வாயாரப் புகழ்ந்து எழுதிவிட்டு வந்திருந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் வேலை எனக்குக் கேவலமாகப் படவில்லை. கடைக்காரன் மூன்று வாரம் வைத்திருந்து கையை விரித்த மிஷினை நீ ஹாலில் பேப்பரை விரித்துப் போட்டுப் பிரித்தாய். ஒரே நாளில் ஓட்டிக் காட்டினாய். அன்றைக்கே எனக்கு உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. இவளுக்கு நான் எதற்கு என்ற பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு மானம், மரியாதை என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன். நீ நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டு, பள்ளி லீவு விட்டதும் அக்கா வீட்டுக்கு என்று கிளம்பினாய்.

மாதாமாதம் நான் அனுப்பிய பணத்தைத் திருப்பி அனுப்பினாய். மூன்றாவது தடவை கூடவே ஒரு துண்டுச் சீட்டும் வந்தது. 'பணம் கேட்கவில்லை, ஒரு வார்த்தை சரி என்று சொல்லத்தான் கேட்டேன்.' அந்தச் சீட்டு என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

அதனால் திங்கட்கிழமை அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். மூடியைக் கழற்றும்போதுதான் புத்தி வந்தது. ஊழியர் குடும்பத்துக்குக் கடன் கிடையாது என்பது எங்கள் நிறுவனத்தின் விதி. உன் புருஷன் என்று நான் கையெழுத்துப் போட்டால் உன் விண்ணப்பம் அன்றைக்கே தள்ளுபடி.

இரண்டு நாள் மென்று முழுங்கிவிட்டு, புதன்கிழமை மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "பிரிஞ்சிட்டீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டார். எட்டு மாதமாகிறது, பணத்தைத் திருப்பி அனுப்புகிறாள் என்று நான் சுற்றி வளைத்தேன். பிறகு அவரே சொன்னார். ஆறு மாதத்துக்கு மேல் தனித்தனி வீடு, கணவனிடம் செலவுக்கு வாங்கவில்லை என்றால் விதிப்படி பிரிந்தவர்கள்தானாம். "அப்படின்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க, நானே பாஸ் பண்றேன். ஆனா கடன் முடியற வரைக்கும் அப்படியே இருக்கணும். நடுவுல ஒண்ணா குடித்தனம் பண்ணினா மொத்தப் பணத்தையும் அன்னிக்கே கட்டச் சொல்லிடுவாங்க" என்றார். பதினெட்டுத் தவணை. மாதம் ஒன்று.

அப்படியானால் வேலையை விட்டுவிடுகிறேன், ஊழியனாக இல்லாவிட்டால் போதுமே என்றேன். சம்பளச் சீட்டு இல்லாத புருஷனின் கையெழுத்து ஜாமீனுக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டார். பிறகு டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் யாருக்கும் டீ வாங்கித் தந்து நான் பார்த்ததில்லை. வெளியே வட்டிக்கு வாங்கிக்கொள் என்று உனக்கு எழுதலாம்தான். அப்படி வாங்கி மிஷினைப் பறிகொடுத்தவர்களின் கதையைத் தினமும் படிக்கிற நான் அதை எப்படி எழுதுவேன்?

ஞாயிறு

நேற்று அதோடு எழுந்துவிட்டேன். இன்று வீட்டில் உட்கார முடியாமல் ஆபீசுக்கே வந்துவிட்டேன். வாட்ச்மேன், "ஞாயித்துக்கிழமையும் வேலையா சார்?" என்று கேட்டுக்கொண்டே கதவைத் திறந்தார். ஆமாம், அவசரம் என்றேன். மின்விசிறி சத்தம் தவிர ஒரு சத்தமில்லை. சுவர் நிறைய நான் கதை எழுதிய பெண்களின் படங்கள். இவர்களில் எத்தனை பேரின் புருஷன்மார் எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று இன்றைக்குத்தான் தோன்றியது.

போட்டுவிட்டேன். இத்துடன் இருப்பது, நாம் பிரிந்து வாழ்வதாக எழுதிய அந்த உறுதிமொழித் தாள்தான். நேராக ஆபீசருக்கு அனுப்பியிருக்கலாம். உன் கைக்கு வந்து, நீ கொடுத்துப் போவதுதான் சரி என்று பட்டது.

செவ்வாய்க்கிழமைதோறும் ஆபீசர் உங்கள் பக்கம் வருவார், அவர் கையில் கொடு. கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள். காலியாக இருக்கும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதே, அவசரப்படுத்தினாலும் போடாதே. முதல் தவணையை இரண்டு மாதம் தள்ளிக் கேள், கேட்டால் தருவார்கள், யாரும் கேட்பதில்லை. உன் கதையை நான் எழுதக் கூடாது, எதிர் மேஜைக்காரன் எழுதுவான். யாராக இருந்தாலும் கனவு வரியில் 'சொந்த வீடு' என்று எழுதுகிற ஆள் அவன், சண்டைக்குப் போகாதே. முதல் வரியில் தனித்து வாழும் தாய் என்று வரும். அந்த வரியை மட்டும் நீ படிக்க வேண்டாம்.

நீ கேட்ட அந்த வார்த்தையை இங்கே எழுதுகிறேன். சரி. எட்டு மாதம் தாமதம்தான். போ, எந்தத் தெருவுக்கு வேண்டுமானாலும் பையைத் தூக்கிக்கொண்டு போ. உனக்கு வேலை குவியட்டும், கையில் காயம் படாமல் இருக்கட்டும். குழந்தைக்கு என் முத்தம். அவளைப் பார்க்க வருவதற்கு விதியில் தடையில்லை, மேடத்திடம் கேட்டுவிட்டேன். நீ வா என்றால் வருகிறேன், சொல்லாமல் வந்து நிற்க மாட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது தருவார்கள். பதினெட்டாவது ரசீதை எனக்குத் தபாலில் அனுப்பு. கூட ஒரு வரியும் எழுத வேண்டாம். அது வந்த அன்றே பஸ் ஏறிவிடுவேன். அனுப்பாவிட்டாலும் உன்மேல் எனக்கு வருத்தமில்லை என்று எழுத வந்தேன். அது பொய். அதனால் எழுதவில்லை. அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன் கணவன்