ஓராண்டு நிதியில் தொடங்கியது

பல்கலைக்கழகத்தில் நம் துறைக்கு வெள்ளையடிக்கிறார்கள். அலமாரிகளை நடைக்குத் தள்ள வேண்டும் என்றதால் இன்று காலை உன்னுடையதைத் திறந்தேன். மேல்தட்டில் சுருட்டிய வரைபடங்கள். அடித்தட்டில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ், அதிலிருந்து காய்ந்த ஆற்றுச் சேற்றின் வாடை. கிடர்பூர் சந்தையில் நீ பேரம் பேசி வாங்கியவை. உன் அளவும் இல்லை, என் அளவும் இல்லை. லானுக்காக வாங்கியவை.

அந்த அறிவிப்பு வந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு புதிதாகக் கூட்டுச் சேர ஓராண்டு நிதி. போக வர டிக்கெட், ஒரு பயிலரங்கம், அவ்வளவுதான். அந்த ஓராண்டில் உறவு பிடித்துக்கொண்டால் பிறகு பெரிய நிதிக்கு விண்ணப்பிக்கலாம். ஹூக்ளியின் வண்டலைப் பற்றி நீ எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டு மேகாங் ஆற்றுக் கழிமுகத்துப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து லான் உனக்கு ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தாள். ஆற்றுக்குப் போகிறவள் நீ, எழுதுகிறவள் நான் என்று துறையில் ஒரு பேச்சு உண்டு. அதனால் விண்ணப்பத்தை நான் எழுதினேன். கூட்டுப் பட்டப்படிப்பு, கூட்டு ஆய்வகம், மாணவர் பரிமாற்றம், எல்லாம் பன்னிரண்டு மாதத்துக்குள்.

நீ படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாய். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தும் உன் வீட்டுத் திருநெல்வேலிப் பேச்சு உன்னை விட்டுப் போகவில்லை.

"ஏட்டி, ஒரு வருஷத்துல பழக்கந்தான் ஆவும். அத எழுது."

"பழகுறதுக்கெல்லாம் யாரு நிதி குடுப்பா?" என்றேன்.

நீ பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாய். "போட்டுட்டேன். இனிமே இது என் பொய்யுந்தான்" என்றாய். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

நிதி கிடைத்தது. மழைக்காலத்தில் லான் வந்தாள். ஒல்லியான, அதிகம் பேசாத பெண். நம்மைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். டீனின் அறையில் ரசகுல்லாவும் சால்வையும் கொடுத்து வரவேற்றார்கள். கூட்டுப் பட்டப்படிப்பு எப்போது தொடங்கும் என்று டீன் கேட்டார். அடுத்த கல்வியாண்டில் என்று நான் சொன்னேன். லான் தன் கைக்குறிப்பைப் பார்த்தபடி இருந்தாள்.

மூன்றாம் நாள் அவளைக் கார்டன் ரீச் படித்துறைக்குக் கூட்டிப்போனோம். கடல் ஓதம் இறங்கித் தண்ணீர் வற்றியிருந்தது. பூட்ஸோடு சேற்றில் நாலு எட்டு வைத்தவள் இடுப்புவரை சறுக்கிப் போனாள். நீ புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி அவளை இழுத்து ஏற்றினாய். படகுக்காரர்கள் "ஷாப்தானே, தீதி, ஷாப்தானே!" என்று வங்காளியில் எச்சரித்துக் கத்தினார்கள். கரையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து மண் குவளையில் டீ குடிக்கும்போதுதான் லான் முதன்முறையாக மனம் விட்டுப் பேசினாள்.

"இந்த மாதிரி ஒப்பந்தங்களை வைக்க எங்கள் பல்கலைக்கழகத்தில் தனியாக ஒரு அலமாரி இருக்கிறது" என்றாள் அவள் நிதானமான ஆங்கிலத்தில். "வருடம் முடிந்ததும் கடிதம் நின்றுவிடும். நீங்கள் எப்படி?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ பேசிவிட்டாய். கூட்டுப் பட்டம் நடக்கப்போவதில்லை, நிதிக்காக எழுதியது அது என்றாய். "எங்களால் முடிந்தது ஒன்றுதான். மாதம் ஒரு முறை, அமாவாசையன்று, தண்ணீர் வற்றும் நேரத்தில், உங்கள் ஆற்றிலும் எங்கள் ஆற்றிலும் ஒரே விதமாக ஒரு பாட்டில் தண்ணீர் எடுக்கலாம். உப்பு எவ்வளவு, வண்டல் எவ்வளவு என்று பார்த்து ஒருவருக்கொருவர் அனுப்பலாம். அதற்கு நிதி தேவையில்லை."

லான் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "அது போதும்" என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் உன் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நான் நின்றுகொண்டே வந்தேன். இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை.

வருட முடிவு அறிக்கையில் நடக்காதவற்றுக்கென்று நீ ஒரு பத்தி எழுதினாய். அதை எடுத்துவிடு என்று கெஞ்சினேன். "நடக்கலன்னா நடக்கலன்னு எழுததுக்கு என்னட்டி வெக்கம்?" என்றாய். அறிக்கை அப்படியே போனது. பெரிய நிதி வரவில்லை. அந்தப் பத்திதான் காரணமா என்று யாருக்கும் தெரியாது; டீனுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தின் பொறுப்பு மூப்புப்படி உனக்கு வரவேண்டியது. என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். நீ வாழ்த்துச் சொன்னாய். அதில் குத்தல் இருக்கிறதா என்று பல நாள் தேடினேன், இல்லை.

அமாவாசைதோறும் நீ படித்துறைக்குப் போய்வந்தாய். லானின் அளவு வரும், உன்னுடையது போகும். நான்கு வருடங்கள். அதைப் பற்றி நான் ஒருநாளும் கேட்கவில்லை. என் அலுவலகத்தில் வேறு ஒப்பந்தங்கள் கையெழுத்தாகிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் படம் எடுத்துச் சுவரில் மாட்டினோம்.

பிறகு உனக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்தபடி கேட்டாய்.

"இந்த மாசம் யாருட்டி போவா?"

"நான் போறேன்."

"ஒனக்குச் சேறு பிடிக்காதே."

"போறேன்னு சொன்னேன்ல."

போனேன். பாட்டிலைத் தவறான ஆழத்தில் முக்கினேன். நீ விவரம் கேட்டு, செல்லாது, நாளைக்கு மறுபடி போ என்று அனுப்பினாய். அடுத்த அமாவாசைக்கு நீ இல்லை. துர்கா பூஜைப் பந்தலுக்குத் தெருவெல்லாம் மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழிகளைச் சுற்றிச் சுற்றி உன்னை ஏற்றிய வண்டி போனது. நான் அழவில்லை. டீனுக்கு இரங்கல் குறிப்பு எழுதிக் கொடுத்தேன், அதில் 'பன்னாட்டு ஒத்துழைப்பின் முன்னோடி' என்று அவரே ஒரு வரி சேர்த்தார்.

காரியம் முடிந்த மறுநாள் லானின் மின்னஞ்சல் வந்தது. இரங்கல் இரண்டே வரி. அதன் கீழே வழக்கம்போல் அந்த மாதத்து உப்பு, வண்டல். கடைசியில்: 'இனி நீங்கள்தான் அனுப்புவீர்கள் என்று அவர் கோடையிலேயே எழுதியிருந்தார். இந்த மாத அளவு இன்னும் வரவில்லை.'

கோடையில் உனக்குக் கட்டி இருப்பதையே யாரிடமும் நீ சொல்லியிருக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை.

இப்போது இளையவர்களின் விண்ணப்பங்கள் என் மேஜைக்குத்தான் வருகின்றன. ஓராண்டு நிதிக்கு மூன்று நாடுகளில் கூட்டுப் பட்டம் என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். நிதி நின்ற பிறகும் எதைச் செய்வீர்கள் என்று மட்டும் கேட்கிறேன். சிலர் யோசிக்கிறார்கள். சிலர் என்னைப் பிடிக்காமல் போகிறார்கள். சுவரில் படமாக மாட்டிய ஒப்பந்தங்களில் உயிரோடிருப்பவை எத்தனை என்று டீன் கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதற்குப் படமே எடுக்கவில்லை.

வரும் வியாழன் அமாவாசை. அன்றைக்கே ஒரு வெளிநாட்டுத் துணைவேந்தர் வருகிறார், கையெழுத்து விழா, நான் மேடையில் இருக்க வேண்டுமாம். வர இயலாது என்று சற்றுமுன் எழுதி அனுப்பினேன். காரணம் என்ற கட்டத்தில், ஆற்றில் தண்ணீர் எடுக்க வேண்டியிருக்கிறது என்று எழுதினேன். அது உண்மை என்பதால் வேறு எதையும் சேர்க்கவில்லை.