தாளின் கீழ்ப்பாதி

அக்கா,

இன்று காலை அம்மா துணிப்பெட்டியைத் திறந்து எல்லாவற்றையும் வெயிலில் போட்டாள். ஒரு மாதமாக விடாத மழை. எதைத் தொட்டாலும் ஈரம். பெட்டியின் அடியில் நான் சுருட்டி வைத்திருந்த பையைத் தூக்கியவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன பிள்ளை இது, செத்த எலி மாதிரி மணக்குது" என்று வெளியே எறியப் போனாள். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.

நீ நாய்களைப் பிடித்து நடத்திய இரண்டு தோல் வார்கள்தாம். பூசணம் வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு முகர்ந்து பார்த்தேன். பூசணத்துக்கு அடியில் இன்னும் நாய் வாடை இருக்கிறது. அதற்கும் அடியில் நீ தலையில் தேய்க்கும் வேப்பெண்ணெய் வாடை இருப்பதாக எனக்குப் படுகிறது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு அது இருக்க நியாயமில்லை என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் முகத்தை அதிலிருந்து எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு எழுதாவிட்டால் இனி எழுத மாட்டேன்.

ரப்பர் விலை விழுந்த அந்த வருஷத்தை நினைத்துப் பார். நம் பக்கத்து லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனிலிருந்து வாரம் ஒரு கூட்டம் வேலை போய், மூட்டை முடிச்சோடு ஊருக்குக் கப்பலேறப் போய்க்கொண்டிருந்தது. முதலில் புல்வெட்டுக் கூட்டத்தைத்தான் குறைத்தார்கள். அதில் நீயும் இருந்தாய். திருப்பி அனுப்புகிறவர்கள் பட்டியலில் பெயர் எழுதியாகிவிட்டது. அதற்குள் துரையின் நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் கப்பலேறிவிட, அந்த இரண்டும் யாருக்கும் அடங்காமல் பங்களாவைப் புரட்டிப்போட்டன. நீ வேலி ஓரமாகப் போனபோது நாக்கைச் சொடுக்கிக் கூப்பிட்டாயாம். இரண்டும் வந்து உன் காலடியில் உட்கார்ந்தனவாம். துரை மாடியிலிருந்து அதைப் பார்த்தார். பட்டியலில் உன் பெயருக்கு மேல் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டைப் போட்டது என் அப்பாதான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி அவர். பட்டியல்கள் எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும்.

"ஊருக்குப் போயிருக்கலாமே அக்கா" என்று ஒருநாள் நான் கேட்டதற்கு நீ சிரித்தாய். "அங்க எனக்கு யாரு இருக்கா புள்ள? இங்க ரெண்டு நாயும் ஒரு புள்ளையும் இருக்கு."

ஒரு புள்ளை என்றது என்னை.

துரை அவற்றுக்கு வைத்த பெயர்கள் ஜாக், பெல். நீ செவலை, சாம்பல் என்று மாற்றினாய். ஒரு மாதத்தில் அவை துரை கூப்பிட்டால் தலையைக்கூடத் திருப்புவதில்லை. "வெள்ளைக்கார நாய்ங்கதான், ஆனா தமிழ்லதான் சோறு கேக்குதுங்க" என்பாய். தினமும் சாயங்காலம் நாலரைக்கு நீ அவற்றை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவாய். எங்கள் வீட்டுப் பின்வேலி அருகே வந்ததும் நாக்கைச் சொடுக்குவாய். நாய்களுக்கு ஒரு சொடுக்கு, எனக்கு இரண்டு.

ஆலைக்குத் தண்ணீர் தேக்கக் கட்டிய ஏரி அது. சுற்றிவர முக்கால் மணி நேரம் ஆகும். ஏற்றம் இறக்கம் இல்லாத செம்மண் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ரப்பர் மரங்கள். கிராணி வீட்டுப் பெண் லயத்துக் கூலிப் பெண்ணோடு நடப்பதை யாரும் பார்க்கக் கூடாது என்பதால் மதகு தாண்டும்வரை நீ முன்னால் போவாய், நான் இருபது அடி பின்னால் வருவேன். அதுவரை நான் உனக்குச் சின்னம்மா. மூங்கில் புதர் வந்ததும் நீ நின்று சாம்பலின் வாரை என் கையில் கொடுப்பாய். அங்கிருந்து நான் புள்ளை.

பட்டணத்திலிருந்து எனக்குத் தபாலில் வரும் கதைகளை நடந்துகொண்டே உனக்குச் சொல்வேன். நீ சொல்வதை அவற்றை எழுதியவர்கள் கேட்டிருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பார்கள். "அவ ஏன் மூணு நாளா அழுவுறா? அவன் செவுள்ல ஒண்ணு விட்டுட்டு வேலைக்குப் போவ வேண்டியதுதான" என்பாய். நான் சிரித்துச் சிரித்துப் பாதையில் உட்கார்ந்துவிடுவேன். உடும்பு ஒன்று தண்ணீரில் இறங்கும். செவலை அதைத் துரத்தும். நீ வாரோடு சேர்ந்து ஓடுவாய். என் வாழ்க்கையில் நான் வாய்விட்டுப் பேசிய இடம் அந்தப் பாதை மட்டும்தான். வீட்டில் நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். பேச்செல்லாம் நாலரை மணிக்காகச் சேர்த்து வைத்திருப்பேன்.

இனிதான் சொல்ல வேண்டியது வருகிறது.

நாய்களுக்கு வெறிநோய் பரவுகிறது என்று சர்க்கார் அறிவிப்பு ஒன்று வந்தது. இங்கிலீஷில் ஒரு முழுத் தாள். அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "பிள்ளை, இதைத் தமிழில எழுதித் தா. நாளைக்குப் பெரட்டில வாசிக்க வேணும்" என்றார். தோட்டத்தில் விடியும் முன் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அங்கே வாசிக்க.

எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. எழுத உட்கார்ந்தேன். நாயை வெளியே கொண்டுவந்தால் வாய்ப்பூட்டு போட வேண்டும். வார் பிடித்தே நடத்த வேண்டும். தனியாகத் திரியும் நாய் சுடப்படும். நாய் கடித்தால் உடனே ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டும். நாலு வரி ஆயிற்று. அடுத்து நோயின் அறிகுறிகள் என்று ஒரு தலைப்பு, அதன் கீழே நெருக்கி அச்சடித்த நீண்ட பத்தி. அதன் முதல் வார்த்தையில் விரலை வைத்தபோது பின்வேலியில் இரண்டு சொடுக்கு கேட்டது.

பேனாவை மூடிவிட்டேன், அக்கா.

கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறவள் நான். மளிகைப் பொட்டலத்தின் கிழிசலைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் எறிவேன். அந்தத் தாளின் கீழ்ப்பாதியை மட்டும் படிக்கவில்லை. கதை இல்லை, சுவை இல்லை, நீ வேறு காத்திருந்தாய். திரும்பி வந்ததும் அப்பா கேட்டார். "முழுக்க எழுதிப்போட்டியே?" ஓம் என்றேன். என் எழுத்தை அவர் சரிபார்ப்பதில்லை. அசல் தாளை மறுநாள் ஆபீஸ் சுவரில் ஆணியடித்து மாட்டிவிட்டார்.

பெரட்டில் வாசித்த அன்று சாயங்காலம் மூங்கில் புதரடியில் நீ என்னைப் பாராட்டினாய். "நாலே வரியில முடிச்சிட்டியாமே. வழக்கமா கெராணி ஐயா ஒரு காயிதத்த எடுத்தார்னா கால் கடுத்துப் போவும். எல்லாரும் ஒன்னய வாழ்த்துறாங்க." நாய்களுக்குப் புது வாய்ப்பூட்டு மாட்டியிருந்தாய். நான் எழுதியதை ஒன்று விடாமல் செய்திருந்தாய். "பூட்டு போட்டாச்சு, இனி என்ன பயம்" என்றாய்.

இரண்டு வாரம் இருக்கும். செவலை நடக்க மாட்டேன் என்றது. உடும்பைப் பார்த்தும் பேசாமல் நின்றது. பூட்டின் வழியாக எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. நீ பூட்டைக் கழற்றினாய். கீழ்த்தாடை தொங்கிப்போய் மூட முடியாமல் கிடந்தது. தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல் ஒரு சத்தம். "எலும்பு சிக்கிக்கிச்சு, பாவம். நீ காதப் புடிச்சிக்க, நா எடுக்குறேன்" என்றாய்.

நான் காதைப் பிடித்துக்கொண்டேன். நீ முழங்கைவரை விடுவதுபோல் கையை விட்டாய். தேடித் தேடிப் பார்த்தாய். எலும்பு இல்லை. செவலை கடிக்கவில்லை, அக்கா. கண்ணை மட்டும் உருட்டி உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கையை வெளியே இழுத்தபோது அதன் பல் உன் விரல் முட்டியில் உரசி ஒரு கோடு விழுந்தது. பட்டியலில் அப்பா போட்ட கோட்டின் நீளம்கூட இருக்காது. ஏரித் தண்ணீரில் கழுவிவிட்டு, முந்தானையில் துடைத்துக்கொண்டாய். "முழுங்கிடுச்சு போல" என்றாய்.

மூன்றாம் நாள் செவலை செத்தது. துரை அப்போது சிங்கப்பூர் போயிருந்தார். தேரையைத் தின்றிருக்கும் என்றார் பங்களாச் சமையல்காரர். கடிக்கவில்லை என்பதால் நாம் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. துரை வந்து என்ன சொல்வாரோ, உன்னைக் கப்பலுக்கு அனுப்புவாரோ என்றுதான் நாம் இருவரும் பயந்தோம். அவர் உன்னைத் திட்டவில்லை. சாம்பலையாவது நன்றாகப் பார்த்துக்கொள் என்றாராம். நீ அதைச் சொல்லிவிட்டு, ஆபத்து நீங்கியதுபோல் மூச்சு விட்டாய். நானும்தான். அன்று ஏரியை இரண்டு முறை சுற்றினோம்.

அதன் பிறகு ஏழு வாரம். அந்த ஏழு வாரத்தில் எத்தனை முறை அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டு ஆபீசுக்குப் போயிருப்பேன். தாள் என் தலைக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும். இதை நினைக்கும்போதெல்லாம் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டு வருகிறேன். வந்தாலும் அதே ஏழு வாரம்தான்.

முதலில் உன் கை கூசியது. பிறகு காய்ச்சல். தோட்டத்து ஆஸ்பத்திரியில் உன்னைப் படுக்கவைத்தார்கள் என்று கேள்விப்பட்டு, யார் பார்த்தால் என்ன என்று பகலிலேயே ஓடிவந்தேன். உள்ளே விடவில்லை. பக்கத்து ஜன்னலில் நின்றேன். மருந்து கொடுக்கும் டிரெசர் உனக்குத் தண்ணீர் கொடுத்தார். குவளை உதட்டுக்கு வந்ததும் உன் தொண்டை இழுத்துக்கொண்டது, குவளையைத் தட்டிவிட்டாய். உனக்குத் தாகம் என்பது உன் கண்ணில் தெரிந்தது. டிரெசர் குரலைத் தாழ்த்தி, நாய் எப்போதாவது கடித்ததா என்று கேட்டார். "எந்த நாயும் என்னயக் கடிச்சதில்லீங்க" என்றாய். உண்மையைத்தான் சொன்னாய்.

நான் ஆபீசுக்கு ஓடினேன். அப்பா வெளியே போயிருந்தார். நாற்காலிமேல் ஏறித் தாளைப் படித்தேன். தாடை தொங்கும். எச்சில் ஒழுகும். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் தோன்றும். அப்படித் தோன்றினால் நாயின் வாயில் கையை விடாதீர்கள். கீறல் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், ஊசி இருக்கிறது. அதற்கும் கீழே, நோய் கண்ட பிறகு மருந்து இல்லை.

எல்லாம் அங்கே இருந்தது, அக்கா. அடுத்த வரியிலேயே இருந்தது.

ஜன்னலுக்குத் திரும்பி வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். நீ என்னைப் பார்த்ததும் உன் முகம் ஒரு கணம் பழைய முகமாயிற்று. "புள்ள, மணி நாலரை ஆயிருக்கும். சாம்பல நடத்திட்டு வந்துரு. காத்துக்கிட்டு இருக்கும்" என்றாய்.

போனேன். முதல் தடவையாகத் தனியாக, மதகிலிருந்தே வாரைப் பிடித்துக்கொண்டு. சாம்பல் மூங்கில் புதரில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. அதோடு சேர்ந்து நானும் பாதையில் உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தபோது உன் கட்டிலைச் சுற்றித் துணி கட்டியிருந்தார்கள். மறுநாள் பொழுது விடிந்தபோது நீ இல்லை. அன்றே துரை சாம்பலை மதகடியில் கொண்டுபோய்ச் சுட்டார். சர்க்கார் உத்தரவு அப்படி. சமையல்காரர் வார்களை என்னிடம் தந்தார். 

உன் காரியத்துக்கு வந்தவர்கள் விதி என்றார்கள். என்னைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை. யாருக்குத் தெரியும்? ஒரு நாள் யாராவது வந்து, "நீதானே எழுதினாய்" என்று கேட்டுவிட மாட்டார்களா என்று தவிக்கிறேன். கேட்க ஆளில்லை. கேட்டிருக்க வேண்டியவள் நீ. நீயும் என்னைப் பாராட்டிவிட்டுப் போய்விட்டாய்.

இப்போதும் அறிவிப்புகள் வருகின்றன. கொசு, கிணற்றுத் தண்ணீர், அம்மை ஊசி. எல்லாவற்றையும் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். ஒரு சொல் விடுவதில்லை. அச்சடித்த இடத்தின் பெயரைக்கூட எழுதுகிறேன். பெரட்டில் ஆட்கள் காலை மாற்றி மாற்றி நிற்கிறார்கள். "என்னங்கய்யா, இன்னிக்குக் கதாகாலட்சேபமா" என்று ஒரு கங்காணி கேட்டாராம். அப்பா வந்து சொன்னார்.

ஒவ்வொரு தாளின் அடியிலும் ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். முதல் தடவை அது கொசு அறிவிப்பு. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "இது அதில இல்லையே பிள்ளை" என்றார். இருக்கு என்றேன். என் முகத்தைப் பார்த்தார். சுவரில் இன்னும் தொங்கும் பழைய தாளைப் பற்றி அவர் நினைத்தாரா, தெரியாது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். மறுநாள் இருட்டில் ஜன்னலருகே நின்று கேட்டேன். கொசுவைப் பற்றி எல்லாம் முடிந்த பிறகு, சற்று நிறுத்தி, அந்த வரியையும் வாசித்தார்.

இப்போது அவர் வாசிக்கும் முன்பே ஆட்கள் சொல்லிவிடுகிறார்கள். தொண்டையைச் செருமியதுமே பெண்கள் வரிசையில் ஒருத்தி ஆரம்பிப்பாள். கூட்டம் முழுக்கச் சிரித்துக்கொண்டே ஒரே குரலில் முடிக்கும். நாயின் வாயில் எலும்பு சிக்கியதுபோல் தெரிந்தால் கையை விடாதீர்கள். போன வாரம் லயத்தில் சின்னப் பிள்ளைகள் அதைச் சொல்லிக் கைதட்டி விளையாடுவதைக் கேட்டேன்.

வார்களைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். மணி நாலு இருபது. நாலரைக்கு வேலிக்குப் போய் நிற்பேன்.